வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புகையிலையை விடுவது எப்படி, மருந்து எடுக்கலாமா: யாழ்ப்பாணத்துத் தாய்மாருக்கும் வீட்டாருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் கிளினிக்குக்கு வரும் ஒரு பிள்ளைத்தாச்சியிடம் "நீங்கள் புகைப்பீர்களா?" என்று கேட்டால், கேள்வி முடிய முன்னமே "இல்லை" என்று பதில் வந்துவிடும். பெரும்பாலும் அது உண்மைதான். அதே தாயிடம், வெற்றிலையோடு புகையிலை சேர்ப்பீர்களா, வீட்டில் யார் சுருட்டோ சிகரெட்டோ பற்றுகிறார்கள், தோட்டத்தில் புகையிலை வெட்டுக்குப் போகிறீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள். பதில் மாறும். இரகசியமாகச் சிகரெட் பிடிக்கும் சில பெண்களோ எந்தக் கேள்விக்கும் வாய் திறப்பதில்லை. ஊர் என்ன சொல்லும் என்ற பயம் அவர்களுக்கு.

இந்த வழிகாட்டி இவர்கள் எல்லோருக்கும் பொதுவானது. யாரையும் குற்றம் சொல்ல எழுதவில்லை. கருத்தரித்த பிறகு எந்த மாதத்தில் நிறுத்தினாலும் பிள்ளைக்கு நன்மை உண்டு. எவ்வளவு முந்தி நிறுத்துகிறீர்களோ அவ்வளவு நல்லது.

1. புகையிலை எந்த வழியால் வருகிறது என்று பாருங்கள்

ஒரு கொப்பித் தாளை எடுத்து, நேற்றுக் காலை எழும்பியதிலிருந்து படுக்கும்வரை புகையிலை உங்களை எங்கெங்கே தொட்டது என்று எழுதுங்கள். நான்கு வழிகளைப் பார்க்க வேண்டும்.

முதலாவது நீங்களே புகைப்பது. சிகரெட், பீடி, சுருட்டு எல்லாம் இதில் சேரும். "சுருட்டு இயற்கையானது, எங்கட தோட்டத்துப் புகையிலை" என்று சொல்வதில் பொருளில்லை. எரிந்தால் எல்லாம் ஒரே நச்சுப்புகைதான். இ-சிகரெட்டும் பாதுகாப்பானதல்ல. அதில் பெரும்பாலும் நிக்கோட்டின் இருக்கிறது.

இரண்டாவது வெற்றிலை. இங்கே இதுதான் அதிகம் தப்பிவிடுகிறது. தட்டத்தில் வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு, அதன் ஓரத்தில் ஒரு காய்ந்த புகையிலைத் துண்டு. மாமி வெற்றிலையின் காம்பைக் கிள்ளிப் போட்டு, சுண்ணாம்பு தடவி, நகத்தால் புகையிலையில் ஒரு துளி பிய்த்து வைத்து மடித்துத் தருகிறார். மறுக்க மனம் வராது. மசக்கைக் காலத்தில் வாயில் நீர் ஊறுவதையும் குமட்டலையும் அடக்கும் என்று பலர் அப்போதுதான் கூடுதலாகப் போடுகிறார்கள். அந்தத் துளியிலிருந்து ஊறும் நிக்கோட்டின் கன்னத்துத் தோல் வழியாக இரத்தத்துக்குப் போகிறது, அங்கிருந்து பிள்ளைக்கும் போகிறது. மும்பையில் 1,217 பெண்களைத் தொடர்ந்து பார்த்து 2004 இல் வெளியான ஆய்வில், புகைக்காமல் புகையிலையை வாயில் போட்ட தாய்மாரின் பிள்ளைகள் சராசரியாக 105 கிராம் நிறை குறைந்து பிறந்தன. குறைமாதப் பிறப்பும் கூடியிருந்தது. இலங்கையில் புகையற்ற புகையிலைப் பொருட்களின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை எல்லாம் 2016 இலேயே தடைசெய்யப்பட்டுவிட்டன. இருந்தும் தட்டத்தில் அது இருக்கத்தான் செய்கிறது. புகையிலையை மட்டும் எடுத்துவிட்டுப் பாக்கைத் தொடரலாமா என்று கேட்பார்கள். அதையும் விடச் சொல்வேன். பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்பது உறுதியான விடயம்.

மூன்றாவது மற்றவர் விடும் புகை. இதற்குக் கீழே தனியாக வருகிறேன்.

நான்காவது தோட்டம். வலிகாமத்திலும் தீவகத்திலும் புகையிலை பயிரிடும் குடும்பங்களுக்கு இது முக்கியம். பனி விழுந்த காலையில் ஈர இலைகளுக்குள் இறங்கிப் பக்கமுளை கிள்ளினால், சட்டைக் கை முழங்கைவரை நனைந்து தோலோடு ஒட்டும். இலையின் நிக்கோட்டின் அந்த ஈரத்தில் கரைந்து தோலுக்குள் இறங்கும். தலைச்சுற்று, வாந்தி, தலையிடி வரும். கர்ப்பிணி என்றால் "மசக்கைதானே" என்று விட்டுவிடுவார்கள். பிள்ளை வயிற்றில் இருக்கும்வரை ஈரப் புகையிலையைத் தொடும் வேலையும் புகை போட்டுப் பதப்படுத்தும் குடிலுக்குள் போகும் வேலையும் சுருட்டுச் சுற்றும் வேலையும் வேண்டாம். கூலி வேலையை விடமுடியாத நிலை என்றால், குறைந்தபட்சம் இலை காய்ந்த பிறகு, கையுறையும் நீளக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு செய்யுங்கள். நனைந்த உடுப்பை உடனே மாற்றி, சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

ஒல்லாந்தர் காலத்தில் திருவிதாங்கூருக்குக் கப்பலேறிய பயிர் இது. எத்தனையோ வீடுகள் இதன் வருமானத்தில் எழும்பின. அதனால்தான் புகையிலையை ஒரு நஞ்சாகப் பார்க்க எங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று நினைக்கிறேன்.

2. பிள்ளைக்கு என்ன நடக்கிறது

புகையில் 7,000 க்கும் மேற்பட்ட இரசாயனங்கள் உள்ளன. கர்ப்பத்தில் இரண்டைப் பற்றித் தெரிந்திருந்தால் மற்றவை விளங்கும்.

ஒன்று காபனோரொட்சைட்டு (கார்பன் மோனாக்சைடு) என்ற நச்சுவாயு. இரத்தத்திலுள்ள ஈமோகுளோபின்தான் ஒட்சிசனைச் சுமக்கிறது. காபனோரொட்சைட்டு அதோடு ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஒட்சிசன் ஏறவேண்டிய பஸ்ஸில் வேறு யாரோ எல்லா இருக்கையையும் பிடித்துவிட்டது போல. இங்கே பல தாய்மாருக்கு ஏற்கெனவே இரத்தச்சோகை இருக்கிறது. அதற்கு மேல் இதுவும் சேர்ந்தால் பிள்ளைக்கு மூச்சு முட்டாதா?

மற்றது நிக்கோட்டின். அது கருப்பைக்கும் நஞ்சுக்கொடிக்கும் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். பிள்ளைக்குப் போகும் இரத்தம் குறையும். வளரும் மூளையையும் சுவாசப்பையையும் பாதிக்கும்.

இவற்றால் வரக்கூடியவை பல. குழாய்க்கர்ப்பம், கருச்சிதைவு, நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடிக் கீழே இருப்பது, பிரசவத்துக்கு முன்பே அது கழன்று இரத்தம் போவது, நீர்க்குடம் முந்தி உடைவது, குறைமாதப் பிறப்பு, இறந்து பிறத்தல். உதடும் அண்ணமும் பிளந்து பிறக்கும் வாய்ப்பும் கூடுகிறது. புகைக்கும் தாயின் பிள்ளை சராசரியாக 200 கிராம் அளவில் நிறை குறைந்து பிறக்கும். பிறந்த பிறகு, நித்திரையிலேயே காரணம் தெரியாமல் குழந்தை இறந்துபோகும் ஆபத்தும் அதிகம். முட்டு, காதில் தொற்று போன்றவையும் இந்தப் பிள்ளைகளுக்குக் கூட வரும்.

"சின்னப் பிள்ளை எண்டால் பிரசவம் சுகம்" என்று ஆறுதல் சொல்பவர்களை நம்பாதீர்கள். 2,500 கிராமுக்குக் குறைந்து பிறக்கும் பிள்ளைக்குச் சூடு காப்பதும் பால் குடிப்பதும் தொற்றை எதிர்ப்பதும் கஷ்டம். பிரசவம் சுகமாக நடந்தாலும் அதற்குப் பிறகு கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நாட்கணக்கில் இருக்க நேரலாம்.

இனி நல்ல செய்தி. காபனோரொட்சைட்டு ஓரிரு நாளில் இரத்தத்திலிருந்து போய்விடும். முதல் மூன்று, மூன்றரை மாதத்துக்குள் முழுமையாக நிறுத்திய தாய்மாருக்குக் குறைமாதப் பிறப்பும் நிறைகுறைவும் ஏற்படும் ஆபத்து, புகைக்காத தாய்மாரின் அளவுக்குக் கிட்ட வந்துவிடுகிறது. அந்தக் காலம் கடந்துவிட்டால் பயனில்லை என்று எடுத்துவிடாதீர்கள். பிள்ளை அதிகம் நிறை போடுவது கடைசி மாதங்களில்தான். ஏழாம் மாதத்தில் நிறுத்தினாலும் அந்த வளர்ச்சிக்கு உதவும்.

3. மிஸியிடம் சொல்லுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் செய்யமுடியும் என்றால் இதைச் செய்யுங்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர், நாங்கள் மிஸி என்று கூப்பிடுபவர், வீட்டுக்கு வரும்போதோ கிளினிக்கிலோ தனியாகச் சொல்லுங்கள். பக்கத்தில் மாமியோ கணவனோ இருந்தால், "மிஸி, ஒரு விசயம் தனியக் கதைக்கோணும்" என்றால் போதும். அப்புறம் நேராக: "நான் வெத்திலையோட புகையிலை போடுறனான். ஒரு நாளைக்கு அஞ்சாறு தரம்." அல்லது, "நான் சிகரெட் பத்துறனான். வீட்டில ஒருத்தருக்கும் தெரியாது."

வீட்டாருக்குத் தெரியக்கூடாது என்றால் அதையும் சொல்லுங்கள். எத்தனை தரம், எழும்பி எவ்வளவு நேரத்துக்குள் முதலாவது என்ற இரண்டும் மிக முக்கியம். எழும்பி அரை மணித்தியாலத்துக்குள் தேவைப்படுகிறது என்றால் உடம்பு நிக்கோட்டினுக்கு நன்றாகப் பழகிவிட்டது. உங்களுக்குக் கூடுதல் உதவி வேண்டும்.

மிஸியிடம் சொல்லக் கூச்சம் என்றால் சுகாதார வைத்திய அதிகாரியிடம் சொல்லலாம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலோ, தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளிலோ மகப்பேற்றுக் கிளினிக்குக்குப் போகிறவர்கள் அங்குள்ள டொக்டரிடம் சொல்லலாம். முகம் காட்ட விருப்பமில்லை என்றால், புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபையின் 1948 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். நிறுத்த விரும்புபவர்களுக்கு ஆலோசனை சொல்லும் இலக்கம் அது.

ஏச்சு விழுந்தால்? விழக்கூடும். ஒருவர் ஏசினால் அடுத்தவரிடம் போங்கள். மறைத்து வைத்தால் நஞ்சுக்கொடிப் பிரச்சினையையோ பிள்ளையின் வளர்ச்சிக் குறைவையோ டொக்டர் முந்திக் கவனிக்கும் வாய்ப்பு போய்விடும். ஏச்சைவிட அது பெரிய இழப்பு.

4. நாள் குறித்து நிறுத்துங்கள்

கர்ப்பத்தில் நீண்ட ஆயத்தம் வேண்டாம். இந்தக் கிழமைக்குள் ஒரு நாளைக் குறியுங்கள். "திடீரென விட்டால் வயிற்றுப் பிள்ளைக்கு அதிர்ச்சி" என்று சொல்வார்கள். அப்படி ஒன்றும் இல்லை. புகையிலை நின்றால் பிள்ளைக்கு இரத்தோட்டம்தான் கூடும்.

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறேன் என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எண்ணிக்கை குறையும்போது நம்மை அறியாமல் ஆழமாக இழுப்போம், அடிக்கட்டைவரை பிடிப்போம். பத்து ஐந்தானாலும் நஞ்சு பாதியாகக் குறையாது. குறைப்பதை வழியாக வைத்திருங்கள், ஆனால் பூச்சியத்துக்கு ஒரு திகதி போடுங்கள்.

அன்று காலை பெட்டி, லைட்டர், சாம்பல் தட்டு, வெற்றிலைத் தட்டத்துப் புகையிலை எல்லாம் வீட்டை விட்டு வெளியேறட்டும். அப்பாச்சிக்கு வெற்றிலை இல்லாமல் இருக்கமுடியாது என்றால், அவருடைய தட்டம் உங்கள் கண்ணில் படாத இடத்தில் இருக்கட்டும். மாமி மடித்து நீட்டினால், "மிஸி வேண்டாமெண்டு சொன்னவ, மாமி" என்று சொல்லுங்கள். பழி மிஸியின் தலையில் போகட்டும், அவர் தாங்குவார்.

முதல் மூன்று நாட்கள்தான் கடினம். எரிச்சல், பதற்றம், நித்திரையின்மை, பசி, எதிலும் மனம் நிலைக்காமை வரும். இரண்டு தொடக்கம் நான்கு கிழமைகளில் தணியும். இடையிடையே எழும் ஆசை பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். அந்த நிமிடங்களுக்கு ஒரு வேலையைத் தயாராக வைத்திருங்கள். முற்றத்தைக் கூட்டுங்கள், முகம் கழுவுங்கள், தங்கச்சிக்குக் கோல் எடுத்துக் கதையுங்கள். வாய்க்கு ஏதாவது வேண்டும் என்றால் பெருஞ்சீரகம், நெல்லிக்காய், உப்புத் தொட்ட மாங்காய்த் துண்டு. குமட்டலுக்காக வெற்றிலை போட்டவர்கள் அதையே கிளினிக்கில் சொல்லுங்கள். கர்ப்பத்தில் எடுக்கக்கூடிய வாந்தி மருந்துகள் இருக்கின்றன.

தேத்தண்ணியைப் பற்றி யாரும் சொல்லமாட்டார்கள், நான் சொல்கிறேன். புகைக்கும்போது ஈரல் கஃபீனை வேகமாகக் கழிக்கும். புகையை நிறுத்தியதும் அந்த வேகம் குறையும். கர்ப்பத்திலும் அது மந்தம்தான். ஆக வழக்கமான அளவு தேத்தண்ணியும் கோப்பியுமே நெஞ்சுப் படபடப்பையும் நித்திரையின்மையையும் தரும். நீங்களோ புகை இல்லாததால்தான் இது என்று நினைத்து மறுபடி பற்றிவிடுவீர்கள். நிறுத்தும் நாளோடு தேத்தண்ணியையும் பாதியாக்குங்கள்.

ஒரு தரம் தவறிப் பிடித்துவிட்டால் அது தோல்வியல்ல. என்ன நேரம், யாரோடு, என்ன மனநிலை என்று குறித்துவிட்டு அடுத்ததை மறுத்துவிடுங்கள். மனம் தொடர்ந்து சோர்ந்தே இருந்தால், அழுகை நிற்கவில்லை என்றால், வீட்டில் அடி உதை இருந்தால், அதையும் மிஸியிடம் சொல்லுங்கள். பல பெண்களுக்குப் புகையின் வேர் அங்கேதான் இருக்கிறது. அதைத் தொடாமல் புகையை மட்டும் பிடுங்கமுடியாது.

5. மருந்து: எது, எப்போது, யாரிடம் கேட்டு

இந்தப் பகுதியை நிதானமாக வாசியுங்கள். லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் வரும் பெட்டிகளில் சொக்லேட்டோடு நிக்கோட்டின் பட்டையும் குளிசையும் வரும் ஊர் இது. "அக்கா பாவிச்சு விட்டவ" என்பதற்காக ஒரு பிள்ளைத்தாச்சி அதை எடுக்கக்கூடாது.

கர்ப்பத்தில் முதல் மருந்து கதைதான். ஆலோசனை, தொடர்ந்து விசாரிப்பு, வீட்டார் துணை. அது போதாமல் போனால்தான் மற்றவை.

நிக்கோட்டின் மாற்று என்பது தோலில் ஒட்டும் பட்டை, மெல்லும் கம், சூப்பும் குளிசை போன்றவை. நிக்கோட்டினைத் தரும், புகையைத் தராது. காபனோரொட்சைட்டும் தாரும் இல்லாததால், தொடர்ந்து புகைப்பதோடு ஒப்பிட்டால் ஆபத்து குறைவு. ஆனால் நிக்கோட்டின் இருப்பதால் முற்றிலும் ஆபத்தற்றதென்று சொல்லமுடியாது. நாட்டுக்கு நாடு அறிவுரை வேறுபடுவது இதனால்தான். பிரித்தானியாவில் ஆலோசனையோடு சேர்த்துக் கர்ப்பிணிகளுக்கு இதைக் கொடுக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2013 இல் கர்ப்பிணிகள் குறித்து வெளியிட்ட வழிகாட்டலில், இதற்கு ஆதரவாகவோ எதிராகவோ பரிந்துரை செய்யவில்லை. ஆதாரம் போதவில்லை என்பதே காரணம்.

பிரித்தானியாவில் 1,050 கர்ப்பிணிகளிடம் நடந்து 2012 இல் வெளியான ஆய்வில், நிக்கோட்டின் பட்டை ஒட்டியவர்களும் வெறும் பட்டை ஒட்டியவர்களும் பிரசவம்வரை நிறுத்தியிருந்த அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் நிக்கோட்டின் பட்டை பெற்றவர்களில் ஒரு மாதத்துக்கு மேல் அதை ஒட்டியவர்கள் 100 இல் 7 பேர் அளவுதான். இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள்: கர்ப்பத்தில் உடம்பு நிக்கோட்டினை வழமையைவிட மிக வேகமாகக் கழிக்கிறது. அரைகுறையாக ஒட்டினால் பயன் கிடைக்காது என்பது என் முடிவு. அதே தாய்மாரின் பிள்ளைகளை இரண்டு வயதில் பார்த்தபோது, நிக்கோட்டின் பட்டைப் பிரிவின் பிள்ளைகளுடைய வளர்ச்சி மோசமாக இருக்கவில்லை, சற்று நன்றாகவே இருந்தது.

சரி, டொக்டர் பட்டை எழுதித் தந்தால் எப்படிப் பாவிப்பது? காலையில், மயிரில்லாத, சுத்தமான, காய்ந்த தோலில் ஒட்டுங்கள். மேற்கை அல்லது இடுப்பு. உள்ளங்கையால் பத்து விநாடி அழுத்துங்கள். நாளுக்கு நாள் இடத்தை மாற்றுங்கள், இல்லாவிட்டால் தோல் சிவந்து கடிக்கும். கர்ப்பிணிகள் இரவில் படுக்கமுன் கழற்றிவிட வேண்டும், 24 மணித்தியாலப் பட்டை என்றாலும். பிள்ளைக்கு அந்த நேரமாவது நிக்கோட்டின் ஓய்வு கிடைக்கட்டும். கழற்றியதை ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்து, சின்னப் பிள்ளைகளின் கை எட்டாமல் போடுங்கள். பாவித்த பட்டையிலும் நிக்கோட்டின் மிச்சம் இருக்கும்.

கம் என்றால் சுவிங்கம்மைப் போல மெல்லக்கூடாது. காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, பிறகு கன்னத்துக்கும் முரசுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். காரம் குறைந்ததும் மறுபடி. கோப்பியும் சோடாவும் குடித்து 15 நிமிடத்துக்குள் போட்டால் வேலை செய்யாது. வாந்தி அதிகம் உள்ளவர்களுக்குப் பட்டை சுகம். எப்போதாவது மட்டும் புகைப்பவர்களுக்குக் கம் பொருத்தமாக இருக்கலாம், மொத்த நிக்கோட்டின் குறையும். அதிமதுரச் சுவையுள்ள நிக்கோட்டின் பொருட்கள் கர்ப்பத்தில் வேண்டாம். எந்த வலுவில், எத்தனை கிழமைக்கு என்பதை டொக்டர்தான் முடிவெடுக்க வேண்டும். எந்தப் பாமசிக்குப் போனாலும் கிடைக்கும் என்று எண்ணிப் புறப்படாதீர்கள். எங்கே எடுக்கலாம் என்று அவரிடமே கேளுங்கள். பட்டையோடு புகைக்கவும் செய்தால் நெஞ்சுப் படபடப்பும் குமட்டலும் வரலாம். அப்படி நடந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

வரெனிக்லின், புப்ரோபியன் என்ற குளிசைகள் மற்றவர்களுக்கு நன்றாக உதவுகின்றன. இரண்டும் 2021 இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தன. ஆனால் புகைப்பதை நிறுத்துவதற்காக இவற்றைக் கர்ப்பிணிகளுக்கு அந்த நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. புப்ரோபியன் வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டும், வலிப்பு உள்ளவர்களுக்கு அறவே கூடாது. சிட்டிசின் என்ற மருந்தும் கர்ப்பத்தில் வேண்டாம்.

கர்ப்பம் என்று தெரியாமல் வரெனிக்லின் எடுத்துவிட்டீர்களா? பதறவேண்டாம். இதுவரை வந்த பெரிய பதிவு ஆய்வுகளில் அதனால் பிறவிக் குறைபாடு கூடியதாகத் தெரியவில்லை. குளிசையை நிறுத்தி, அந்தக் கிழமையே டொக்டரைப் பாருங்கள். பயத்தில் மறுபடி புகைக்கத் தொடங்காதீர்கள். மனவழுத்தத்துக்காகப் புப்ரோபியன் எடுக்கிறவர்கள் தாங்களாகவே நிறுத்தக்கூடாது. எழுதித் தந்த வைத்தியரிடம் முதலில் கேளுங்கள்.

6. வீட்டு ஆண்களுக்கு

தானே புகைக்காத கர்ப்பிணி மற்றவர் புகையைச் சுவாசித்தாலும், பிள்ளை இறந்து பிறக்கும் ஆபத்து ஏறக்குறைய 23 சதவீதம் கூடுவதாகப் பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்தது. "நான் விறாந்தையிலதானே பத்துறனான்" என்பது போதாது. "தம்பி, நீங்கள் வாசலில நிண்டு பத்தினாலும் புகை உள்ளுக்குத்தான் வருது" என்று மிஸிமார் சொல்வது முழுக்க உண்மை. பொது இடத்துப் புகைக்கு 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. வீட்டுக்குள் உங்கள் மனம்தான் சட்டம்.

நீங்களும் மனைவியோடு அதே நாளில் நிறுத்துங்கள். கணவன் புகைத்துக்கொண்டிருக்க மனைவி நிறுத்துவது மிகக் கடினம். உங்களுக்குக் கர்ப்பம் இல்லையே, மேலே சொன்ன மருந்துகளை டொக்டரின் ஆலோசனையோடு நீங்கள் எடுக்கலாம். நிறுத்தும்வரையாவது வளவுக்கு வெளியே போய்ப் பற்றுங்கள். வந்து சட்டையை மாற்றி, கை முகம் கழுவிய பிறகே அவருக்குக் கிட்டப் போங்கள். ஓட்டோவிலும் காரிலும் கண்ணாடியை இறக்கிவிட்டாலும் பற்றவேண்டாம். விருந்தாளியிடமும் மாமனிடமும் "இங்க வேண்டாம்" என்று சொல்லவேண்டியது நீங்கள்தான், அவரல்ல.

7. இந்த அறிகுறிகள் கண்டால் காத்திருக்காதீர்கள்

இரத்தம் படுதல், வயிறு கல்லாக இறுகி விடாமல் வலித்தல், நீர் உடைதல், பிள்ளையின் அசைவு குறைதல். இதில் ஒன்று என்றாலும் 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், இலவசம். ஆஸ்பத்திரியில் புகையிலை விடயத்தையும் மறக்காமல் சொல்லுங்கள்.

8. பிள்ளை பிறந்த பிறகு

கர்ப்பத்தில் நிறுத்திய பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பிள்ளை பிறந்த சில மாதங்களில் மறுபடி தொடங்கிவிடுகிறார்கள். நித்திரை இல்லாத இரவுகளும், "இனிப் பிள்ளை வயிற்றில் இல்லைத்தானே" என்ற எண்ணமும்தான் காரணம். பத்தியச் சாப்பாட்டோடு வெற்றிலை வரும் வீடுகளில் இன்னும் கவனம் வேண்டும். அதில் புகையிலை சேர்க்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அம்மாவிடமோ அம்மம்மாவிடமோ முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

மறுபடி தொடங்கிவிட்டாலும் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். புகைக்கும் தாயின் பாலும் பிள்ளைக்கு நல்லது. பால் கொடுத்த பிறகுதான் புகைப்பது, அடுத்த பாலுக்கு முன் இயன்றளவு நேரம் விடுவது, பிள்ளையைத் தூக்கமுன் உடுப்பு மாற்றுவது என்று செய்யுங்கள். புகைக்கும் யாரும், கணவனாக இருந்தாலும், பிள்ளையோடு ஒரே பாயில் படுக்கக்கூடாது. பிள்ளையை நிமிர்த்தியே படுக்க வையுங்கள். பால் கொடுக்கும் காலத்தில் நிக்கோட்டின் பட்டையோ கம்மோ பாவிக்கலாம், வரெனிக்லின் வேண்டாம்.

பிரசவத்துக்குப் பிறகு மிஸி வீட்டுக்கு வருவார். தொப்புள், பால், தையல் என்று கேட்டுக்கொண்டு போவார். புகையிலையைப் பற்றிக் கேட்க மறந்தால் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.